செவலையின் வயிற்றில் இருந்தது

நான் லாயத்துக்குள் நுழைந்தபோது சீப்பக்கா சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அது பண்ணைக்குச் சொந்தமா தனக்குச் சொந்தமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். குதிரைகளின் பிடரிமயிர் வாரும் சீப்பை எந்நேரமும் இடுப்பில் செருகியிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். குதிரைகளுக்குப் பக்கத்தில் பலகை வைத்துத் தடுத்த அறைதான் அவள் வீடு. பாயைச் சுருட்டியாகிவிட்டது. துணிமூட்டை கட்டியாகிவிட்டது. கண்ணாடி மட்டும்தான் பாக்கி.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு முதலாளி. குட்டியக் கொன்னவள எப்படி வெச்சுப்பாரு?"

கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் குரலில் சண்டையே இல்லை. தண்டனை சரிதான் என்று ஒப்புக்கொண்டவளின் குரல்.

முதலாளி என் நாத்தனாரின் கணவர். என் கணவரும் நானும் கால்நடை மருத்துவர்கள். நாய், பூனை, ஆடு, மாடு எல்லாம் நான் பார்ப்பேன். அக்கா வீட்டுக் குதிரைகளை மட்டும் அவரே பார்ப்பார். அந்தப் பண்ணையின் செல்லம் செவலை என்ற பெட்டைக் குதிரை. அது சினையாக இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னவர் அவர்தான். போன வாரம் அது மறுபடியும் பருவத்துக்கு வந்து, பொலிகுதிரையைப் பார்த்து வாலைத் தூக்கவும், கரு கலைந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். கர்ப்பப்பையைக் கழுவிவிட இன்று அவர் வந்திருக்க வேண்டும். காலையில் காபியைக் குடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "எனக்கு வேற வேலை இருக்கு, நீ போயிட்டு வந்துடேன்" என்றார்.

"ஓட விட்டீங்களாமே?" என்று சீப்பக்காவைக் கேட்டேன்.

"ஒரு நாள் காலைல கயித்த அவுத்து விட்டேன், டாக்டரம்மா. அவளாத்தான் ஓடினா. சுத்திச் சுத்தி ஓடினா. நானும் பல்லக் காட்டிக்கிட்டு வேடிக்கை பாத்தேன். முதலாளி நம்ம டாக்டர் ஐயாகிட்ட கேட்டிருக்காரு, ஓடினா கலையுமான்னு. கலையலாம்னு சொன்னாராம். படிச்சவரு சொன்னா சரியாத்தானே இருக்கும்." கண்ணாடியை மறுபடி ஆணியில் மாட்டினாள். "நான் சிரிச்சேன் பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

செவலையை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தித் தந்துவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள்.

தோள்வரை உறையை மாட்டிக்கொண்டு, ஸ்கேன் கருவியை உள்ளங்கையில் அடக்கி, மலக்குடல் வழியாகக் கையை விட்டேன். குதிரையின் கர்ப்பப்பையை இப்படித்தான் பார்க்க வேண்டும். குடலின் சுவருக்கு அந்தப் பக்கம், கைக்குக் கீழே அது கிடக்கும். ஒரு தண்டும் இரண்டு கிளைகளுமாக, கவண்கட்டை போல விரிந்திருக்கும். கிளைகளின் நுனிக்கு அப்பால், இடுப்பெலும்பை ஒட்டி மேலே, பெரிய அவரை விதையின் வடிவத்தில் இரண்டு சினைப்பைகள். மாட்டில் சினைப்பையின் எந்தப் பக்கத்திலிருந்தும் முட்டை வெளியேறும். குதிரையில் அப்படிக் கிடையாது. உள்வளைந்த அந்த ஒரு பள்ளம்தான் வாசல். கல்லூரியில் இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த உடம்பின் மீது தனிப் பிரியம். எவ்வளவு பெரிய பிராணி, அதற்குள் எவ்வளவு நுணுக்கமான வீடு.

இடது கிளையின் அடியில் வந்ததும் கை நின்றது. திரையில் ஒரு கருப்பு வட்டம். நெல்லிக்காய் அளவு.

செவலை சினையானதாகச் சொன்ன அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். இடது கிளையின் அடியில், நெல்லிக்காய் அளவு, ஒன்றே ஒன்று. கலைந்துபோனதாகச் சொன்ன கரு, சொன்ன இடத்திலேயே, சொன்ன அளவிலேயே உட்கார்ந்திருந்தது. கருவியை அழுத்தி எல்லாப் பக்கமும் பார்த்தேன். உள்ளே எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும். நீர்க்கட்டி. வயதான பெட்டைக் குதிரைகளுக்குச் சாதாரணமாக வருவது. ஆரம்பத்தில் பார்த்தால் கருவைப் போலவே இருக்கும்; யார் வேண்டுமானாலும் ஏமாறலாம். அதனால்தான் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். கரு வளரும், அதற்குள் ஒரு புள்ளி துடிக்கும். கட்டி அப்படியே கிடக்கும். அப்படியென்றால் குட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை.

கையை உருவி, உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"துடிப்பு பாத்தீங்களா?"

"என்னது?"

"செவலையோட குட்டிக்கு. ரெண்டாவது தடவ ஸ்கேன் பண்ணிப் பாத்தீங்களா, இல்லையா?"

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. வேறு வேலை எதுவும் இல்லை, மருத்துவமனையில்தான் இருக்கிறார். "நேர்ல வரேன்" என்றார்.

வந்தார். லாயத்தின் வாசலிலேயே நின்றார். உள்ளே சீப்பக்கா ஏதோ பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மறுபடி பாக்க வேண்டிய வாரம் வர முடியல. அக்கா போன்ல கேட்டா, நல்லாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள மாமா ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

"கட்டின்னு எப்பத் தெரிஞ்சுது?"

"தெரியல. சந்தேகம்தான்."

"சந்தேகத்தப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, அந்தம்மாவக் கொலைகாரி ஆக்கிட்டீங்க."

"நான் அவங்க பேரையே எடுக்கல. கலையலாம்னு சொன்னேன், அவ்ளோதான்."

"சொல்லிட்டு, இன்னிக்கு என்னை அனுப்பிட்டீங்க."

"அவங்க மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். அது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு, என் தம்பி டாக்டர்னு சொல்லித்தான் அக்கா அந்த வீட்ல கொஞ்சம் தலை நிமிந்து நடக்குறா. அதக் கெடுக்கணுமா? சீப்பக்காவுக்கு நான் வேற இடம் பாக்குறேன். இதவிட நல்ல இடமாவே."

"போற இடத்துலயும் கொன்னுட்டோம்னு நெனச்சுக்கிட்டேதானே குதிரையத் தேய்ப்பாங்க?"

நோயாளி நாய்க்குட்டியை ராத்திரி முழுக்க மடியில் வைத்திருக்கிற மனுஷன். அந்த மென்மைக்காகத்தான் எங்கள் வீட்டை எதிர்த்துக்கொண்டு இவரைக் கட்டிக்கொண்டேன். ஆனால் மனிதர்கள் என்று வந்தால், இவருடைய மென்மையெல்லாம் கோபப்படத் தெரிந்தவர்கள் பக்கமே போகிறது. இத்தனை வருஷம் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்? என் மீது இவர் வைத்திருப்பதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு என் கோபத்துக்குப் பயம்? அந்த நேரத்தில் அதைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அழ விருப்பமில்லை.

செருப்புச் சத்தத்தோடு நாத்தனாரின் கணவர் வந்தார்; அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "என்ன, ஒரு வயித்தக் கழுவ ரெண்டு டாக்டரா? பீஸும் ரெண்டா கேப்பீங்களா?"

"இன்னும் முடியல அண்ணே. இவரும் ஒரு தடவ பாக்கணும். நீங்களும் கூட இருங்க." உள்பக்கம் திரும்பி, "சீப்பக்கா, வந்து தலையப் பிடிங்க" என்றேன்.

"அவ எதுக்கு? அவள அனுப்பியாச்சே."

"வேற யார் பிடிச்சாலும் செவலை நிக்க மாட்டா, அண்ணே. உதைபட்டா நீங்க பாத்துக்குவீங்களா?"

அவர் ஒரு அடி தள்ளி நின்றார். சீப்பக்கா வந்து கயிற்றைப் பிடித்தாள். செவலை அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

புது உறை ஒன்றைப் பிரித்து, வாயை விரித்து என் கணவரிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ சண்டைகளை முடித்துவைத்த பார்வை அது. நான் உறையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் கையை நுழைத்தார்.

தோள்வரை உள்ளே போனது. திரையை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தேன். சாம்பல் நிறத்தில் ஏதேதோ ஓடி, நின்றது. நடுவில் அந்தக் கருப்பு வட்டம்.

"என்ன மாப்ள அது, கருப்பா?" என்று அண்ணன் குனிந்தார்.

செவலையின் தலைப்பக்கம் நின்ற சீப்பக்காவுக்குத் திரை தெரியவில்லை. கழுத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "குட்டி இன்னும் உள்ளதான் இருக்கா, டாக்டரம்மா?" அன்று முதல் முறையாக அவள் குரலில் உயிர் இருந்தது.

"ஐயாவக் கேளுங்க" என்றேன்.

என் கணவர் கையை வெளியே எடுக்கப் பார்த்தார். அப்போது செவலை முக்கியது. அப்படி முக்கும்போது குடல் இறுகிக் கையைக் கவ்விக்கொள்ளும். இழுத்தால் உள்ளே கிழிந்துவிடும். அதுவாகத் தளர்த்தும்வரை அசையாமல் நிற்பதைத் தவிர வழியில்லை. அவருக்கும் தெரியும். நின்றார். கன்னம் அதன் பின்புறத்தில் பதிந்திருந்தது. அது மூச்சு விட விட அவர் முகமும் ஏறி இறங்கியது. ஒரு பக்கம் அண்ணன் திரையைவிட்டுக் கண் எடுக்காமல் நின்றார். இன்னொரு பக்கம், செவலையின் காதுகளுக்கு நடுவே, சீப்பக்காவின் முகம் என் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.