சுருக்கும்போது விழுந்த சிரிப்பு

படங்களைச் சுருக்கும்போது உதிர்ந்து விழுகிறவற்றை மாற்றுக்காரி தினமும் மாலை ஐந்தரை மணிக்குப் பெருக்கி அள்ளுவாள். என்றோ இழுத்து மூடப்பட்ட ஒரு கேமரா கம்பெனியின் படக்கோப்புகள் அவளுடைய கடைக் கணினியில் மட்டும்தான் திறக்கும். அவற்றைச் செல்போன் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது அவள் பிழைப்பு. சின்னதாக இருந்தால்தான் அனுப்ப வசதி என்று எல்லாரும் சொன்னதால், ‘சுருக்கு’ என்ற கட்டத்தில் டிக் போடுவது கைப்பழக்கமாகிவிட்டது. அவசியமில்லை என்று கணினி நினைத்ததெல்லாம் மேசைக்கடியில் விழும்: மரத்து இலைகள், சட்டைப் பித்தான்கள், யாரோ ஒருவரின் பாதி நிழல். இலைகளைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. நிழல்களைச் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் வெயில் காலத்தில் எடுத்துப்போனார். பதினோரு வருடமாக ஒரு புகாரும் இல்லை.

எதிர்வரிசைத் தையல்காரியின் கணவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஊர் அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் சிரித்ததைப் பெற்ற மகள்கூடப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை சிரித்தார், கேமராக்காரர் அதைப் பிடித்துவிட்டார் என்று தையல்காரி சத்தியம் செய்வாள். அந்தப் படமோ திறக்காத கோப்பில் கிடந்தது. சத்தியம் செய்துசெய்து கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, மனசில்லாமல்தான் கட்டிக்கொண்டாரோ என்று. மெமரி கார்டைத் தேடியெடுத்து மாற்றுக்காரியிடம் கொண்டுவந்தாள். கார்டு ஒரு தடவை திறந்தது, அத்தோடு உயிரை விட்டது. மாறி வந்த படத்தில் பித்தான்கள்கூடப் பத்திரமாக இருந்தன. மாப்பிள்ளை மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்.

“பரவாயில்லம்மா. நான்தான் தப்பா நெனச்சிட்டு இருந்திருக்கேன் போல,” என்று சொல்லிவிட்டுத் தையல்காரி தெருவைக் கடந்தாள். அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்த மாற்றுக்காரி கணினிப் பக்கம் திரும்பினாள். திரையைப் பார்த்தாள். கட்டத்தில் டிக் இருந்தது. அடுத்த நிமிடம் மேசைக்கடியில் முட்டி போட்டிருந்தாள். வயர்களுக்கு நடுவே, இரண்டு விரல் அகலத்தில், தூசி ஒட்டிய ஒரு சிரிப்பு இளஞ்சூடாகக் கிடந்தது. ஊதித் துடைத்து எவ்வளவோ முயன்றும் புதிய கோப்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

உம்மணாமூஞ்சி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். உறையைத் திறந்து பார்த்ததும் பிரஷைக் கீழே வைத்தார்.

“எங்க போச்சுன்னு தேடாத எடமில்ல,” என்றார். “அன்னிக்குப் படம் புடிச்சதோட சரி, அப்புறம் காணவே காணோம்.”

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கையாலேயே அதை அவர் முகத்தில் வைத்தாள். கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“மொகம் பெருத்துடுச்சு,” என்றாள். “ஓரத்துல பிரிச்சு விட்டா சரியாயிடும், அசையாம இருங்க.”

மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கேட்டார். டிக்கெட் வைத்திருந்தவர்களும் நடுங்கிப்போனார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. உம்மணாமூஞ்சி என்ற பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அவர் அதற்கும் சிரித்தபடி திரும்பிப் பார்க்கிறார்.