எதிர் ஜன்னல் மணி

வேளாங்கண்ணி மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம். என் இரண்டு கண்ணால் பார்த்ததையும் இரண்டு காதால் கேட்டதையும் தவிர ஒரு துளி சேர்க்கவில்லை. பொய் இருந்தால் நாளைக் காலை என் டீயில் சர்க்கரை இல்லாமல் போகட்டும். என் மருமகள் எஸ்தர் இப்போதே சர்க்கரை போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் தேஹு ரோடு அடுக்குமாடிச் சொசைட்டி ஹாலில் மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது. 'ஆரோக்கியமான முதுமை' என்று பேனர். மைக்கைப் பிடித்தவன் ஷ்ரேயஸ். எதிர்க் கட்டடத்து மகாதேவ அய்யரின் பேரன், ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. மீசை இன்னும் முழுசாக ஒத்துழைக்காத வயது. அவன் எங்களுக்கு முதுமை சொல்லித் தருகிறான்! மனசு, பக்தி, தினசரிப் பழக்கம், இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் மனுஷன் நூறு வயது ஓடுவான் என்றான். சரி, அதுவரை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் பாதி இந்தியில் எல்லாத் தாத்தாக்களையும் பார்த்துச் சொன்னான் பாருங்கள்:

"கோபம் மட்டும் நோ, தாத்தா லோக். ஒரு தடவை கோபப்பட்டா ஆயுசு கம்மி ஆகுது. சயின்ஸ் சொல்லுது."

அந்தக் கணக்குப்படி நான் எழுபத்தோராம் வருஷமே செத்திருக்க வேண்டும்.

நான் எண்பதைத் தாண்டியவன். ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி எல்லாம் என் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே நான் போடும் சத்தத்துக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். என்னைக் காப்பாற்றியது கோபம். சும்மா கண்ட நேரத்தில் வரும் கோபம் அல்ல. தினமும் விடிகாலை, பல் தேய்த்து, முகம் கழுவி, ஜெபமாலையைக் கையில் எடுத்த பிறகு படுகிற சுத்தமான கோபம். அதற்குக் காரணம் மகாதேவ அய்யரின் மணி.

அய்யரும் அதே கிடங்கில்தான் இருந்தார், அலுவலகப் பக்கம். இரண்டு பேரும் ஓய்வு பெற்று, நான் இங்கே வீடு வாங்கி, கொஞ்ச காலம் கழித்து அவர் எதிர்க் கட்டடத்துக்குக் குடி வந்தார். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகும் சந்து. கும்பகோணத்திலிருந்து அவர் கொண்டுவந்த வெண்கல மணி ஒரு சின்னப் பூசணிக்காய் அளவு இருக்கும். அதை விடிந்தும் விடியாத நேரத்தில் ஜன்னலோரம் நின்று பிள்ளையாருக்கு ஆட்டுவார். அந்தச் சத்தத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் மேற்கே ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டன. கீழே டப்ரி என்கிற தெருவோர டீக்கடையில் டீக்கு வைத்த பால் அப்படியே தயிராகும். இந்தப் பக்கத்துக் காக்கைகள் தாங்கமுடியாமல் லோனாவாலாவுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே மழை அதிகம் என்று திரும்பி வந்தன.

நான் விடுவேனா?

"யோவ் அய்யரே! உம்ம பிள்ளையார் என்ன செவிடா?"

"ஓய் லூர்து! அவருக்கு அவ்வளவு பெரிய காது இருக்கு, நன்னா கேக்கறது. உம்ம மாதா பாவம், நீர் பாடறதைக் கேட்டுண்டு எத்தனை வருஷமா நின்னுண்டே இருக்கா!"

"நான் ஜெபமாலை எடுக்கிற நேரம் பார்த்துத்தான் அடிக்கணுமா?"

"நான் மணி எடுக்கற நேரம் பார்த்து நீர் ஏன் ஜெபமாலை எடுக்கறீர்?"

என் பதில் சத்தத்தில் மூன்றாம் மாடி பாட்டீல் வீட்டுக் குக்கர், அடுப்புப் பற்றவைக்காமலே விசில் விட்டிருக்கிறது. பாட்டீலம்மா சாட்சி.

அந்த மணியின் நாக்கு கழன்று விழ வேண்டும் என்று நான் மாதாவிடம் தினமும் வேண்டினேன். என் தொண்டை கட்ட வேண்டும் என்று அவர் பிள்ளையாரிடம் வேண்டினார். ஒருவருக்காக ஒருவர் இவ்வளவு விடாமல் ஜெபம் செய்த இரண்டு பேரை நீங்கள் எந்தக் கோயிலிலும் பார்க்க முடியாது. சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் கீழே இறங்கி, டப்ரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம். அங்கே பேசிக்கொள்ள மாட்டோம். பேச வேண்டியதெல்லாம் மேலேயே பேசி முடித்திருப்போம்.

மனசு, பக்தி, பழக்கம். மூன்றும் இருந்ததா இல்லையா?

கூட்டம் முடிந்த கையோடு ஷ்ரேயஸ் தன் தாத்தாவைத் திருத்த ஆரம்பித்தான். முதல் வேலையாக மணியைப் பிடுங்கினான். சவுண்ட் பொல்யூஷனாம். அதற்குப் பதில் ஃபோனில் ஒரு மணி. விரலால் தொட்டால் அடிக்கும், அதுவும் காதில் செருகிய பஞ்சு மாதிரி ஒன்றில். பிள்ளையாருக்குக் கேட்காது, எனக்குக் கேட்காது, காதில் செருகியவருக்கு மட்டும் கேட்கும். இப்படி ஒரு பூஜையை எந்தச் சாமியாவது கேட்டதுண்டா? கிழவரோ, பேரன் ஆசையாகச் செய்கிறான் என்று தலையை நீட்டியிருக்கிறார்.

மறுநாள் விடிகாலை நான் ஜன்னலில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். எதிரே திரை மூடியிருந்தது. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொட்டாவி விட்டுப் பார்த்தேன், ஒப்பவில்லை.

எஸ்தர் வந்து என் தோளைத் தட்டினாள். "என்ன மாமா, இன்னைக்குக் கச்சேரி இல்லையா?"

"அவருக்கு மேலுக்கு முடியலையோ என்னவோ."

"அந்தத் தம்பி நிறுத்திட்டாராம். நிம்மதியா ஜெபம் பண்ணுங்க."

பண்ணினேன். நிம்மதியில் நடு வழியில் தூங்கிவிட்டேன். ஒரு வாரத்தில் படுக்கையை விட்டு எழவே தோன்றவில்லை. எழுந்தால் என்ன, யாரைத் திட்டப் போகிறோம்? முழங்கால் முதல்முறையாகத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. எஸ்தர் கூட்டிப்போன கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் என் கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டது.

என் கதி இதுவென்றால் அய்யர் கதி அதைவிட மோசம். முதலில் டப்ரிக்கு வருவது நின்றது. அப்புறம் மாடிப்படி. அப்புறம் கட்டிலே கதி.

"மாமா, எதிர்வீட்டு அய்யர் சரியா சாப்பிடுறதே இல்லையாம்," என்றாள் எஸ்தர். "டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டாராம். ஒரு நோயும் இல்ல, ஆனா இப்படியே போனா தாங்க மாட்டார்னு சொல்லிட்டாராம். ஒரு எட்டு போய்ப் பாருங்க."

"அவர் வரட்டும்."

"எந்திரிக்க முடிஞ்சா வரமாட்டாரா? இங்க என்ன மானம் மரியாதை பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?"

போனேன். கட்டிலில் ஒரு வேட்டி மட்டும் கிடந்தது. உற்றுப் பார்த்த பிறகுதான் உள்ளே அய்யர் இருப்பது தெரிந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. காலண்டர் சாமியார்கள் சிரிப்பார்களே, அது.

"வாங்கோ, லூர்துசாமி சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாரா? இத்தனை வருஷத்தில் என் முழுப் பெயரை அவர் சொன்னதே கிடையாது.

"இத்தனை நாளா மணி அடிச்சு உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்கோ."

என்னிடம் மன்னிப்பு! யார் கேட்டார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலி தானாக ஓர் அடி பின்னால் போனது.

"யோவ் அய்யரே, உமக்கு என்ன ஆச்சு? காபியாவது குடிச்சீரா?"

"வேண்டாம்னு இருக்கு. மனசு சாந்தமா இருக்கு. ஒண்ணுமே வேணும்னு தோணலை."

உசுப்பிப் பார்த்தேன். "கிடங்கில் நீர் எழுதின ஒரு பேப்பராவது தப்பில்லாம இருந்ததா? உம்ம கையெழுத்தைப் படிக்கவே தனியா ஆள் போட்டாங்க."

"இருக்கலாம்," என்றார்.

இருக்கலாமாம்! பழைய அய்யராக இருந்தால் அந்தச் சொல்லுக்குத் தாபோடிவரை என்னைத் துரத்தியிருப்பார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த மனுஷன் போய்விடுவார். சாந்தமாக, மரியாதையாக, சார் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

வெளியே ஷ்ரேயஸ் நின்றான். தாத்தாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புப் பட்டை சொல்வதை ஃபோனில் காட்டினான். "பாருங்க லூர்து தாத்தா, ஸ்ட்ரெஸ் ஏக்தம் ஜீரோ."

"ஸ்ட்ரெஸ் ஜீரோவாக் கிடக்கிறவங்களை எங்க ஊர்ல நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்கடா!"

"நீங்க ரொம்ப நெகட்டிவ், தாத்தா."

"மணி எங்கே?"

"அதோ, அந்த பேக்ல. நாளைக்கு பழசு எடுக்கற பங்கார்வாலா வருவான். பழைய சாமான் எல்லாம் வீட்ல இருந்தா மைண்ட் ஹெவி ஆயிடும். உங்களுக்கு வேணுமா? லே ஜாவ், எடுத்துட்டுப் போங்க."

கும்பகோணத்து வெண்கலம், ஓட்டை வாளிக்கும் ஒடிந்த ஃபேன் இறக்கைக்கும் நடுவில் கிடந்தது. அவனை நான் அடிக்கவில்லை. அதற்குக் காரணம் என் பொறுமை அல்ல, முழங்கால்.

மணியை வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்தேன். எஸ்தர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "மாமா, நம்ம வீட்ல இது எதுக்கு?"

"மருந்து."

மறுநாள் விடிகாலை மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினேன். ஜன்னலைத் திறந்தேன். மணியைத் தூக்கினேன். சின்ன வயதில் மாதா கோயில் பூசையில் மணி அடித்தவன் நான். நம் பழக்கம் டிங், டிங், டிங். கொஞ்சம் நிறுத்தி மறுபடி டிங். அதை வேண்டுமென்றே இன்னும் கெடுத்து, இடது கையால், தாளமே இல்லாமல், சந்தைக்குப் போகிற மாடு தலையாட்டுவது போல ஆட்டினேன். முதல் ஆட்டில் சந்திலிருந்த ஸ்கூட்டர்கள் எல்லாம் வரிசையாகச் சாய்ந்தன. இரண்டாவதில் லோனாவாலாவிலிருந்து திரும்பி வந்த காக்கைகள் மறுபடி மூட்டை கட்டின. எதிர்த் திரை அசையவில்லை. என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மாதாவே, இந்த மணியின் நாக்கு விழ வேண்டும் என்று இத்தனை நாள் கேட்டேனே, தயவு செய்து அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று வேண்டிக்கொண்டே ஆட்டினேன்.

திரை நகர்ந்தது. முதலில் ஒரு கை. அப்புறம் கலைந்த குடுமி. அப்புறம் இரண்டு கண், மிளகாய்ப் பழம் போல.

"ஓய்! லூர்து! நிறுத்தும் ஓய்! அது ஆரத்தி மணி! குல்ஃபி வண்டி மணியா?"

"எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் அடிப்பேன்!"

"வலது கை! வலது கைல பிடியும்! ராமா, ராமா, மணியை ஏன் ஓய் பாட்டில் மாதிரி குலுக்கறீர்?"

"பங்கார்வாலாவுக்குப் போக இருந்ததை நான் எடுத்தேன். இனி இது என் மணி!"

"என்னது? பங்காரா? எவன் போட்டான்? டேய் ஷ்ரேயஸ்!"

அந்த 'டேய்'யில் தேஹு ரோடு முழுக்க விளக்கு எரிந்தது. கட்டிலை விட்டு இறங்க முடியாது என்று டாக்டர் சொன்ன மனுஷன் சுவரைப் பிடித்து, கம்பியைப் பிடித்து, தன் மாடியிலிருந்து இறங்கி, என் மாடி ஏறி வந்து நின்றார். மூச்சு இரைத்தது. முகத்தில் அந்தக் காலண்டர் சிரிப்பு இல்லை. பின்னாலேயே ஷ்ரேயஸ் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"தாத்தா, நோ நோ, ஹார்ட் ரேட் பாருங்க, ரெட்ல போகுது!"

அய்யர் கறுப்புப் பட்டையைக் கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டார். "இதை நீ கட்டிக்கோ. எனக்கு வேலை இருக்கு." என் கையிலிருந்து மணியைப் பிடுங்கினார். என் மாதா படத்துக்கு முன்னாலேயே நின்று, வலது கையால், எப்படி அடிக்க வேண்டும் என்று அடித்துக் காட்டினார். மெழுகுவத்தி அணைந்தது. நான் திட்டினேன். அவர் திரும்பத் திட்டினார். எஸ்தர் உள்ளே போய் உப்புமா கிண்டிக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். அய்யர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஜாஸ்தி என்றார்.

"மறுபடி சார் கீர்னு கூப்பிட்டீர், மணியைச் சந்தில் வீசிடுவேன்," என்றேன்.

"போம் ஓய்," என்றார். எனக்குக் கண் கலங்கியது. உப்பு ஜாஸ்திதான்.

இது நடந்து சில மாதம் ஆகிறது. தினமும் விடிகாலை எதிர் ஜன்னல் திறக்கிறது, கை உயர்கிறது, வெண்கலம் மின்னுகிறது, நான் வாயைத் திறக்கிறேன். முழங்கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. போன ஞாயிறு ஹாலில் மறுபடி கூட்டம். ஷ்ரேயஸ் மேடையில் நின்று, தன் தாத்தா பிழைத்தது மூச்சுப் பயிற்சியால் என்றான். கைதட்டினார்கள்! கொடுத்த ஜவ்வரிசி சாபுதானா வடையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடிக்காமல் எழுந்து வந்தேன். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். அந்த மணிச் சத்தம் இன்றைக்கும் என் காலைப் பொழுதைக் கெடுக்கிறது, இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் வந்த விஷக் காய்ச்சலில் என் இரண்டு காதும் போய்விட்டன. அன்றிலிருந்து உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, கையைப் பார்த்துத்தான் மணி; இடி இடித்தாலும் எனக்குக் கேட்பதில்லை.