நூறாவது நாள் சாட்சி

1

இந்தக் கதை ஒரு கைபேசியிலிருந்து வந்தது. என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு கேள்வி கேட்கும்: "இன்று புகைத்தீர்களா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை. கைபேசிக்கு உரியவன் இறந்து ஏழு வாரம் ஆகிறது.

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

தூத்துக்குடியில் மூன்று தலைமுறையாகப் புகையிலை தொடாத ஒரு குடும்பத்தில் —

(பெருமை முந்திக்கொள்கிறது. வேண்டாம்.)

பக்கத்துத் தெருவில் ஒருவர் —

(பக்கத்துத் தெரு இல்லை.)

அவருக்குத் தேவமணி என்று பெயர் வைக்கிறேன். பெயர் மட்டும்தான் என்னுடையது இல்லை.

2

தேவமணி துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியில் மூத்தவர். பீடி பற்றவைத்தவன் எவனும் அவர் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. அவருடைய மகன் ஆல்ட்ரின், கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுபவன், பதினேழு வருடமாகத் திருட்டுத்தனமாகச் சிகரெட் குடித்துவந்தான். நாற்பத்தொரு வயதில் மாரடைப்பு வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

டாக்டர் அவன் கைபேசியில் ஒரு ஆப் போட்டுக்கொடுத்தார். 'இல்லை' என்று அழுத்தினால் நாள் ஒன்று கூடும். 'ஆம்' என்றால் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். ஆனால் மறுநாள் காலை ஆலோசகர் ஒரு பெண் போனில் கூப்பிடுவாள். முதல் முறை பன்னிரண்டாம் நாள் தவறினான். அவள் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினாள். எந்த டீக்கடை வழியாக வீட்டுக்கு வருகிறான் என்றுகூடக் கேட்டாள். அவன் வழியை மாற்றினான். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கித் தொண்ணூற்றேழு வரை வந்தான்.

(இந்தப் பத்தியை ஐந்து முறை திருத்திவிட்டேன். அவள் கூப்பிட்டதால்தான் எழுந்தான் என்பதை எழுதாமல் விட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.)

3

"அப்பா, இன்னைக்கு ஒண்ணு குடிச்சிட்டேன். ஆம்னு போட்டுருதேன். காலைல அந்தக்கா கூப்பிடும்."

"போட்டா?"

"நாளு பூச்சியமாயிரும்."

"ஏலே, ஞாயித்துக்கிழமை அசனம். நூறு நாளுக்கு நீ சாட்சி சொல்லுவன்னு பாஸ்டர்ட்ட சொல்லியாச்சி. ஊரு பூரா கூடி உக்காந்து சாப்பிடுத அன்னைக்கு, பூச்சியம்னா சொல்லப்போற?"

"பொய்யால்லாப்பா இருக்கு."

"மெசினுக்கு என்னல பொய்யும் மெய்யும்? இல்லைன்னு அமுக்கு."

(முதல் பிரதியில் ஆல்ட்ரினே அழுத்தினான். அது பொய். அவன் கையிலிருந்து வாங்கி, தேவமணிதான் அழுத்தினார்.)

4

அசனத்தன்று ஆல்ட்ரின் எழுந்து நின்றான். "கர்த்தருடைய கிருபையால நூறு நாளாச்சி." தகப்பன் முகத்தை அவன் பார்க்கவில்லை. சபை கைதட்டியது. பந்தியில் அவனுடைய கூட்டாளி ஒருத்தன், "ஏலே, எரநூறாவது நாளுக்கும் இதே மாதிரி கறிச்சோறு உண்டுமால?" என்றான். தேவமணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சபைக்கு முன்னால் நூறு சொன்னவன் அதற்கப்புறம் எப்படி 'ஆம்' என்று போடுவான்? ஒன்று மூன்றாயிற்று. மூன்று பத்தாயிற்று. ஆப் பதக்கம் பதக்கமாக அனுப்பியது. அந்தப் பெண் கூப்பிடவே இல்லை. ஜெயித்துக்கொண்டிருப்பவனை எதற்குக் கூப்பிட வேண்டும்?

நூற்று அறுபத்துமூன்றாம் நாள் உச்சி வெயிலில், கிரேன் படிக்குக் கீழே விழுந்துகிடந்தான். ஹெல்மெட்டுக்குள் பாதி காலியான பாக்கெட் இருந்தது.

5

வேறு முடிவுகள்.

தேவமணி அன்று மகனிடம் "சரி, ஆம்னு போடு" என்கிறார். (எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

எப்படியும் அவன் இதயம் தாங்கியிருக்காது. (டாக்டரிடம் கேட்டால் சொல்லக்கூடும். கேட்கத் துணிவில்லை.)

தேவமணி சபையில் எழுந்து நின்று —

6

நடந்தது இவ்வளவுதான். நேற்று மருமகள் ஜெபசுதா இழுப்பறையைத் திறந்து கைபேசியை எடுத்துப் பார்த்தாள்.

"மாமா, தெனமும் நீங்களா இல்லைன்னு போடுதிய?"

"உண்மைதானம்மா. அவன் இப்ப குடிக்கலயே."

அவள் கைபேசியை மேசைமேல் வைத்தாள். பிறகு, "ஒரே ஒரு நாளு ஆம்னு போடுங்க மாமா. காலைல அந்தக்கா கூப்பிடும்லா. என்ன நடந்துச்சின்னு கேக்கும். அவங்ககிட்டயாவது சொல்லுங்க" என்றாள்.

திரையில் இருநூற்றுப் பதினொன்று. 'இல்லை' என்றால் பன்னிரண்டு ஆகும். 'ஆம்' என்றால் எல்லாம் போய்விடும். என் மகனைப் பற்றிச் சபையில் நான் தலைநிமிர்ந்து சொல்ல மிச்சமிருப்பது அந்த எண் ஒன்றுதான், அதையும் —

ஆறு மணி ஆகிவிட்டது. கேள்வி வந்துவிட்டது. என் கட்டைவிரலை நான் நம்பமாட்டேன். அது இதுவரை அழுத்தியது போதும்.

கைபேசியை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். நீங்கள் அழுத்துங்கள்.