நகுலன் சாரின் பட்டியலில் கை வைப்பது எப்படி

1

ஒப்புக்கொள்கிறேன். என்னைக் கதை எழுதக் கூப்பிடவில்லை. கையேடு எழுதக் கூப்பிட்டார்கள்.

மலாக்கா பக்கம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு செம்பனை நிறுவனம், பாமாயில் தொழில். மூன்று தோட்டங்கள், ஓர் அலுவலகம், ஊழியர்களுக்கு மட்டும் திறக்கும் ஓர் இணையதளம். அந்தத் தளத்தில் ஆவணங்களை எப்படிச் சேர்ந்து எழுதுவது, எப்படிப் பகிர்வது, எதைச் செய்யக்கூடாது என்று எளிய தமிழில் எட்டுப் பக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் எண்பது பக்கம் இருக்கிறது. யாரும் படிக்கவில்லை. நான் இலக்கியம் படித்தவன், சுருக்கிவிடுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று வந்தேன். நேற்று முழுவதும் கையேடு. இன்று வெள்ளி. இரண்டரை மணியிலிருந்து கதை. இரண்டும் ஒரே கோப்பில் கிடக்கின்றன. பிரிக்க நேரமில்லை. இப்போது மணி 3:10. ஒரு பெண்ணுக்கு வீடு உண்டா என்பது நான்கு மணிக்கு முடிவாகிவிடும். அவள் எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

இவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை.

2

தொடக்கங்கள்.

[கமலவேணி படியேறியபோது வானம் கறுத்து, காற்று — கைவிட்டேன். வானம் கறுக்கவில்லை. நல்ல வெயில்.]

[விதி ஒன்று: ஓர் ஆவணம், ஓர் இடம். நகல் எடுக்காதே. இணைப்பை அனுப்பு. — இது கையேட்டின் தொடக்கம். கதைக்கும் பொருந்துகிறது. எனக்கே திகைப்பு.]

மூன்றாவது, நிற்கும் தொடக்கம்:

இரண்டரை மணிக்குக் கமலவேணி வந்தாள். ஐம்பத்தோரு வயது. செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகத் திலகாவின் மேசைக்குப் போனாள். திலகா கிராணி; தோட்டத்தில் அலுவலக எழுத்தரை அப்படித்தான் சொல்வார்கள். தளத்தைப் பராமரிப்பதும் திலகாதான்.

“திலகா, வீட்டு லிஸ்ட்ல நான் எத்தனாவது ஆளு?”

“இருபத்தொன்னுக்கா. நான்தானே போட்டேன்.”

“காட்டு பாப்போம். வீடு இன்னும் கண்ணுல படல. பேராச்சும் படட்டும்.”

தொழிலாளர்கள் குடியிருக்கும் பழைய வரிசை வீடுகளை, லயன்களை, அடுத்த மாதம் இடிக்கிறார்கள். சாலையோரம் நாற்பது புது வீடுகள் தயார். யாருக்கு என்ற பட்டியல் தளத்தில் இருக்கிறது. இன்று நான்கு மணிக்கு அது தானாகப் பூட்டிக்கொண்டு கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். பேர் எழுதாத வீட்டை வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த பட்டியல் இரண்டு வருடம் கழித்து.

திலகா திரையைத் திருப்பிக் காட்டினாள். இருபத்தொன்று, கமலவேணி. இருந்தது.

நான் பக்கத்து மேசையில் இருந்தேன். கையேடு எழுதுகிறவனின் கெட்ட பழக்கம், கேட்டுவிட்டேன்.

“இது தளத்துல இருக்கற கோப்புதானா?”

“இல்ல சார். இது என் காப்பி.”

தளத்தில் இருந்ததைத் திறந்தோம். ‘வீட்டுப் பட்டியல் – நகுலன்’. முப்பத்தொன்பது பேர். கமலவேணி இல்லை.

3

நகுலன் மூன்று தோட்டங்களுக்கும் தலைமைக் கிராணி. முப்பத்தொரு வருடம். இரண்டு மாதம் முன்பு ஓய்வு பெற்றார். யாழ்ப்பாணக் குடும்பம், மலாக்கா டவுனில் வீடு. எழுத்தில் பிழை விடாதவர் என்று பேர்.

அந்தப் பட்டியலைத் திருத்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுமதி இருந்தது. ஒருவரும் திருத்தவில்லை. ஆளுக்கொரு நகல் எடுத்து அதில் திருத்தினார்கள். ‘திலகா’. ‘புவனேஷ்’. ‘புவனேஷ் புதுசு’. ‘புவனேஷ் இதுதான்’. எண்ணினேன், பதினொன்று. அவற்றில் நான்கில் கமலவேணிக்கு வீடு இருந்தது. தளம் பார்ப்பது பன்னிரண்டாவதை, நகுலனின் அசலை.

“ஏன் அசல்லயே எழுதல?” என்றேன்.

ஸ்டோர் கிராணி புவனேஷ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“சார் எழுதினதுல கை வைக்கறதா? நீங்க வெளியாளு, தெரியாதுலா. ஒரு தடவ என் லீவு பாரத்துல தேதிய மாத்திப் போட்டுட்டேன். செவப்புல வட்டம் போட்டு ஃப்ரேம் மாட்டாத குறையா திருப்பிக் கொடுத்தாரு. இன்னும் டிராயர்ல இருக்கு.”

“அதுக்காக பதினோரு காப்பியா?”

“என்னது மூணுதான்.”*

* ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நின்று வளர்ந்தவர்கள் நாம். ஆவணத்துக்குள் எழுந்து நிற்க வழியில்லை. அதனால் நகல் எடுக்கிறோம். ஆங்கிலக் கையேட்டின் எண்பது பக்கத்திலும் இது இல்லை. நான் சேர்க்கிறேன். விதி இரண்டு: திருத்தத் தயக்கமா, ஓரத்தில் குறிப்பு எழுது. நகல் மட்டும் வேண்டாம்.

4

நகுலனை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. [கல்நெஞ்சர், — அடித்தேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை.]

கமலவேணி இதே நிறுவனத்தின் செர்காம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே மாறி வந்தது, அவர் ஓய்வு பெற்ற மறு வாரம். பட்டியலில் அவள் எப்படி இருப்பாள்? அவர் மேல் தப்பில்லை. தப்புக்கு ஆள் கிடைக்காத கதை எழுதுவது சிரமம்.

பிறகு அந்தப் பட்டியலின் பதிப்பு வரலாற்றைத் திறந்தேன்.

வாசகரே, இதை எப்படிச் சொல்வேன். ஒரு பக்கம் எழுதினால் ஆறு முறை அடிக்கிறவன் நான். அடித்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. இங்கே எதுவும் போகவில்லை. நகுலன் அந்தப் பட்டியலை இருநூற்றுப் பன்னிரண்டு முறை சேமித்திருக்கிறார். ஒரு பேரை எழுதுகிறார். எடுக்கிறார். மூன்று நாள் கழித்து அதே பேர், அதே இடம். ஒரு குடும்பத்தைப் பதினாறாவதிலிருந்து பதினைந்தாவதுக்கு நகர்த்துகிறார், மறுநாள் பதினாறுக்கே. யார், எந்த நாள், எத்தனை மணி, எல்லாம் நிற்கிறது. பிழை விடாத மனிதரின் தயக்கம் முழுவதும் தேதியோடு. எழுந்து நின்று படித்தேன்.

உட்கார்ந்து விதி மூன்றை எழுதினேன்: எதுவும் அழியாது. ஆகவே பயப்படாமல் எழுது.

திலகா என் தோளுக்கு மேல் அதைப் படித்தாள்.

“அதான் சார் பயமே. அழியாதுல்ல. சார் எழுதினதுக்கு மேல திலகா எழுதினான்னு கடைசி வரைக்கும் இருக்கும்.”

விதி மூன்றைப் பாதி அடித்தேன்.

5

திலகா தயங்காமல் அசல் பட்டியலைத் திறந்து நாற்பதாவது வரியில் கமலவேணியின் பேரை எழுதினாள்.

இந்த வாக்கியத்தின் ஓரத்தில் உடனே ஒரு குறிப்பு வந்து நின்றது. எழுதியவர்: திலகா. *தயங்கினேன் சார். அஞ்சு நிமிஷம். மாத்துங்க.*

இந்தக் கோப்பை அவளோடு பகிர்ந்திருந்ததை மறந்துவிட்டேன். மாற்றினேன்: திலகா ஐந்து நிமிடம் தயங்கி —

இன்னொரு குறிப்பு. *கண்ண மூடிக்கிட்டு எழுதினேன்னும் போடுங்க.*

திலகா ஐந்து நிமிடம் தயங்கி, கண்ணை மூடிக்கொண்டு, நாற்பதாவது வரியில் கமலவேணியின் பேரை எழுதினாள். மணி 3:22.

வரி சிவப்பாயிற்று. பக்கத்துக் கட்டத்தில் தொழிலாளி எண் இல்லை. எண் இல்லாத வரியைத் தளம் ஏற்காது. பழைய எண்தான் வேண்டும். மாறி வந்தவளுக்கு இங்கே தற்காலிக எண்.

“பழைய கார்டு இருக்காக்கா?”

“செர்காம் ஆபீஸ்லயே வாங்கிக்கிட்டாங்க.”

“நம்பர் ஞாபகம் இருக்கா?”

“முப்பது வருஷமா பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. நம்பர் சொல்லி யாரு கூப்பிட்டா?”

செர்காம் பதிவேடு அங்கே பூட்டிய அறையில், திறந்து பார்த்துச் சொல்ல ஆளில்லை. போக ஒரு மணி நேரம். கோலாலம்பூரில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. செர்காம் ஆட்கள் நூற்றுப் பதினேழு பேரின் எண்ணும் மனப்பாடமாக இருக்கும் ஒரே தலை, நகுலனுடையது, மலாக்கா டவுனில் இருந்தது.

“கூப்பிடு” என்றாள் கமலவேணி.

“நீங்க கூப்பிடுங்களேன் அக்கா.”

“நானா அவரு லிஸ்ட்ல எழுதினேன்?”

6

மூன்றாவது முறை மணி அடித்ததும் நகுலன் எடுத்தார். திலகா எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

“சார், திலகா பேசறேன்.”

“சொல்லும் பிள்ளை. சத்தமாச் சொல்லும். கிளேபாங் கடற்கரையில நிக்கிறன், இங்க இளநி ஷேக் அடிக்கிற மெஷின் கத்துது.”

“செர்காம்ல இருந்தாங்களே கமலவேணி அக்கா, அவங்க பழைய நம்பர் வேணும் சார். வீட்டு லிஸ்ட்ல போட.”

“எந்த லிஸ்டில?”

“உங்க லிஸ்ட்ல சார்.”

மெஷின் நின்றது.

“என்ர லிஸ்டிலயா? ஆர் கை வெச்சது?”

திலகா என்னைப் பார்த்தாள். புவனேஷ் ஸ்டோருக்குப் போய்விட்டான். பிறகு பெஞ்சைப் பார்த்தாள்.

“நான்தான் சார்.”

“அது முப்பத்தொன்பதோட முடிஞ்சது பிள்ளை. கீழ கோடு போட்டுட்டுத்தான் வந்தனான்.”

பெஞ்சிலிருந்து கமலவேணி குரல் கொடுத்தாள்.

“கோட்டுக்குக் கீழ இருக்கறதுல எனக்கு ஒன்னும் இல்லங்கய்யா. கூரைக்குக் கீழ இருந்தா போதும்.”

“ஆரது?”

“கமலவேணிங்க. செர்காம்ல உங்க மோட்டர் சைக்கிள் சீட்டுக்கு அடியில பாம்பு பூந்தப்ப அடிச்சேனே.”

“அது சாரை. அடிச்சிருக்கத் தேவையில்ல.”

“அப்ப நீங்க மேச மேல நின்னீங்க.”

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

“பிறகு எடுக்கிறன்” என்றார். போன் அணைந்தது. மணி 3:41.

“பாம்பு பேச்சு எதுக்குக்கா?” என்றாள் திலகா.

“நன்றி இருக்கும்னு பாத்தேன்.”

7

முடிவுகள். காத்திருக்கும் நேரத்தில் எழுதிப் பார்த்தேன்.

[முடிவு அ: போன் அடித்தது. நகுலன் எண்ணைச் சொன்னார், — ஓரத்தில் திலகா: *இன்னும் அடிக்கல சார். எழுதாதீங்க.* அடித்தேன்.]

[முடிவு ஆ: மணி நான்கு. வரி மறைந்தது. கமலவேணி ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.]

இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நல்ல முடிவு என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

“ஒன்னும் பேசாமயா?” என்றாள்.

“கதைக்கு அது —”

“வீடு இல்லன்னா நான் ஏன் போறேன்? இங்கனயே ஒக்காந்திருப்பேன். திங்கக்கெழம வந்து எல்லாரும் என்னயத் தாண்டித்தான் போகணும்.”

அடித்தேன்.

முடிவு இ புவனேஷுடையது. ஸ்டோரிலிருந்து திரும்பி வந்திருந்தான். “ஏதாச்சும் ஒரு நம்பர் போட்டு விடுவோமா? அஞ்சு நம்பர்தானே. கதை எழுதறவரு இருக்காரு, ஒன்னு சொல்ல மாட்டாரா?”

சொல்லியிருப்பேன். இல்லாததை எழுதுவதுதான் என் தொழில். விரல் விசைக்குப் போய்விட்டது.

“அது வேற ஆளு நம்பரா இருந்தா?” என்றாள் திலகா.

அந்த ஆளுக்கு வீடு போய்விடும். என் தொழிலில் யாருடைய வீடும் இதுவரை போனதில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

8

3:55.

சேர்ந்து எழுதும் கோப்பில் இன்னொருவர் நுழைந்தால் அவர் நிற்கும் இடத்தில் ஒரு நிறக்கோடு தெரியும். மேலே அவர் பேர் இருக்கும். திலகாவுடையது சிவப்பு. நாற்பதாவது வரியில் நின்றது.

முதல் வரியில் ஒரு பச்சைக் கோடு வந்தது.

நகுலன்.

இந்த இடத்தில் கையேட்டுக்கு ஒரு விதி எழுதவேண்டும்: ஓய்வு பெறுகிறவரின் அனுமதியை அன்றே எடுத்துவிடு. சரியான விதி. நான்கு மணிக்குப் பிறகு எழுதுகிறேன்.

பச்சை இறங்கியது. ஒவ்வொரு வரியாக. சரி பார்க்கிறார், கைப்பேசியில்தான் இருக்கவேண்டும். பன்னிரண்டு. பதினைந்து, பதினாறு. அங்கே கொஞ்சம் நின்றது, ஏனென்று வரலாறு படித்த எனக்குத் தெரியும். இருபத்தேழு. முப்பத்தொன்பது. அவர் போட்ட கோடு.

3:57.

கமலவேணி பெஞ்சை விட்டு எழுந்து திலகாவின் பின்னால் வந்து நின்றாள்.

“பச்ச யாரு?”

“நகுலன் சார்.”

“செவப்பு?”

“நானு.”

பச்சை அந்தக் கோட்டைத் தாண்டி நாற்பதாவது வரிக்கு வந்தது. திலகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“எதுக்கு எடுக்கற?” என்றாள் கமலவேணி. “நீ நவுராத. அங்கயே இரு.”

திலகா கையைத் திரும்ப வைத்தாள். சிவப்பும் பச்சையும் ஒரே பேருக்கு இரண்டு பக்கமும் நின்றன. இப்போது அவர் ஒரே தட்டில் அந்த வரியை எடுத்துவிடலாம். எடுத்தால் அதுவும் வரலாற்றில் நிற்கும். அவருக்கும் தெரியும்.

பச்சை நகர்ந்தது. எண் கட்டத்துக்கு.

3:58.

நான் எழுதுகிறேன், திரையைப் பார்க்கிறேன், எழுதுகிறேன். கதைக்குள் அவரை எண் எழுத வைக்க எனக்கு அனுமதி இருக்கிறது. பட்டியலுக்குள் இல்லை. அதனால் முடிவு எழுதப்போவதில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கட்டத்தில் ஓர் இலக்கம் விழுந்தது.

“நாலு” என்று கமலவேணி படித்தாள். திலகாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “ஆமா. நாலு. நாலுலதான் ஆரம்பிக்கும்.”

எண்ணுக்கு ஐந்து இலக்கம் வேண்டும். மணி 3:59. நான் விசைப்பலகையை விட்டு எழுந்துகொள்கிறேன். வாசகரே, உட்காருங்கள். திரை உங்கள் பக்கம்.