குருவி பெல்

அனுப்பர்பாளையம் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை யாருக்காவது உதவி செய்துவிட்டுப் பெல்லை அழுத்தினால், மூன்று கிலோமீட்டர் தள்ளி, பனியன் கம்பெனியில் அந்தப் பிள்ளையின் அம்மா தைத்துக்கொண்டிருக்கும் மெஷின் நான்கு நிமிடம் நின்றது. ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இது தொடங்கியது.

பெல்லில் விசேஷம் ஒன்றுமில்லை. குருவி மாதிரிக் கத்துகிற, பேட்டரி போட்ட சாதாரணக் காலிங் பெல். சுபஸ்ரீ டீச்சர் அதை நான்காம் வகுப்புக் கதவருகே கை எட்டும் உயரத்தில் ஒட்டி, உதவி செய்தவர்கள் ஒருமுறை அழுத்தலாம், என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை என்றார். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. பீகாரிலிருந்து வந்த பையனுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்தார்கள். சத்துணவுக்கூடத்துக்குத் தண்ணீர் சுமந்தார்கள். அதிகம் அழுத்தியவள் கவிப்பிரியா. அதனால் அதிகம் நின்றது அவள் அம்மா சாமியாத்தாளின் ஓவர்லாக் மெஷின்.

மெக்கானிக் பெல்ட்டை மாற்றினார், மோட்டாரை மாற்றினார், கடைசியில் மெஷினையே மாற்றினார். ஜப்பானிலிருந்து வந்த புது மெஷினும் மதியத்துக்குள் ஐந்து தடவை நின்றது. பள்ளிக்கூடம் லீவு என்றால் எல்லாம் ஒழுங்காக ஓடுவதைச் சாமியாத்தாள்தான் முதலில் கவனித்தாள். மகளிடம் விசாரித்ததில், அவள் பெல் அழுத்திய நேரமும் மெஷின் நின்ற நேரமும் நிமிடம் பிசகாமல் பொருந்தின. முதலாளி செந்தில்வேல் கெட்டவர் அல்ல. ஆனால் ஷிப்மெண்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. "ஏனுங்க, மெஷின் இப்படியே நின்னுட்டிருந்தா உங்கள நான் எப்படிங்க வேலைல வெச்சுக்கறது?" என்று தன்மையாகத்தான் கேட்டார்.

நல்லது செய்யாதே என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் அதையே யோசித்தாள்.

"கண்ணு, நீ யாருக்கு என்ன வேணாலும் பண்ணு. பத்து நாளைக்கு அந்தப் பெல்ல மட்டும் அமுத்தாத. அம்மா மெஷின் நின்னு போகுது."

"மெஷின் நின்னா நீ என்னம்மா பண்ணுவ?"

அந்த நான்கு நிமிடங்களில் சாமியாத்தாள் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள். பதினோரு வருடத்தில் முதுகு வலிக்காமல் வீடு திரும்பியது அந்த மாதம்தான்.

கவிப்பிரியா வகுப்பில் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். உதவியை மட்டும் செய்துவிட்டு, பெல் பக்கம் போகாமல் இருந்தார்கள். ஒன்பது நாள் மெஷின்கள் நிற்காமல் ஓடின. பத்தாம் நாள் காலை ஒன்பதே காலுக்கு, யாரும் எதையும் அழுத்தாமலே, கம்பெனியில் வேலை செய்த அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பதினான்கு பேரின் மெஷின்களும் ஒன்றாக நின்றன. சாயங்காலம் வரை அசையவில்லை. அறுநூறு பீஸ் பாக்கி கிடந்தது.

செந்தில்வேல் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சாமியாத்தாள் அருகில் உட்கார்ந்தார்.

"சேத்து வெச்சதெல்லாம் ஒண்ணா வந்துருச்சுங்க," என்றாள் அவள். "புள்ளைக நமக்காகத்தானுங்க அமுத்தாம இருந்துச்சுக. அதுவும் ஒரு ஒத்தாசைதானுங்களே."

அவர் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் போன் செய்து இரண்டு நாள் தவணை வாங்கினார். "இனி அமுத்தச் சொல்லிருங்க," என்றார். "அன்னன்னைக்கே வந்து போயிட்டா நமக்கும் தோது."

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் ஆதார் நகலோடு, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். ஆர்டர் தேதி குறிக்கும்போது, டீ நேரம், சாப்பாட்டு நேரம் போல பெல்லுக்கு மெஷின் நிற்கும் நேரத்தையும் கழித்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கழிக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் குடை இல்லாமல் வருகிற பிள்ளைகள் நிறைய.