தை மாதத்து அளவு

பதினொரு மணிக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து. நிர்மலா ஒன்பதரைக்கே கம்பெனி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டாள். பாப்பாரப்பட்டியிலிருந்து அந்த மாம்பழக்கூழ் கம்பெனிக்கு அரை மணிப் பயணம்தான். ஆனால் பையில் இருந்த நாற்பது பக்கத் தாள்கட்டு அவளை வீட்டில் உட்காரவிடவில்லை. அதன் முதல் பக்கத்தில், ‘வடிவமைத்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. ஒன்பது வருடமாக ஓசூரில் ஒரு கம்பெனியில், அடுத்தவர் வடிவமைத்த சர்வர்கள் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் போனை எடுத்து, “பாக்கறோம் சார், இப்ப சரியாயிடும் சார்” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். சொந்தமாகப் போட்ட முதல் வடிவம் இது. கையெழுத்தாகிவிட்டால் வடிவமைப்புப் பிரிவிலேயே நிரந்தரமாக இருக்கலாம் என்று மேலாளர் பிரபாகர் சொல்லியிருந்தார். ஆகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அந்தப் போன் இருக்கும் மேஜை அவளுக்குத் தெரியாததா.

மாம்பழக்கூழ் கம்பெனியில் எடை, டோக்கன், பரிசோதனைக்கூடம், குளிர் அறை என்று எட்டு வேலைகள் எட்டு பழைய கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தன. எட்டையும் ஒழித்துவிட்டு இரண்டே பெரிய சர்வர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு விர்ச்சுவல் மெஷின்கள். முதலாளி சலாவுதீனுக்கு இதை விளக்கியபோது நிர்மலா தாளைத் தொடவே இல்லை. “ரெண்டு பெரிய வூடுங்க பாய். வூட்டுக்கு நாலு குடித்தனம், தனித்தனிக் கதவு. ஒரு வூடு இடிஞ்சா அந்த நாலு குடும்பமும் அப்பவே பக்கத்து வூட்டுக்குக் குடிவந்துடும். யாருக்கும் ஒரு வேளை சோறு தப்பாதுங்க.” அவருக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குடித்தனக் கதையைத் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எடை மேடைக்குக் கேபிள் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் அவள் அந்தச் சின்ன அறைக்குள் போனாள். எடை போடும் காசியம்மாள் செய்தித்தாள் விரித்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாசி மாதத்தில் எடை மேடைக்கு வேறென்ன வேலை. டிரம்களில் அடைத்த கூழ் ஏற்றிக்கொண்டு மணிக்கு ஒன்றிரண்டு லாரிகள் போகும், அவ்வளவுதான்.

“வா கண்ணு, உக்காரு” என்று காசியம்மாள் நாற்காலியைத் துடைத்துவிட்டாள். நிர்மலா டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்சுவரை நெருங்கியபோதுதான் அந்த எண்களைப் பார்த்தாள். பச்சைச் சுவரில் சாக்பீஸால் வரிசையாக எழுதியிருந்தது. வைகாசி பத்து, நூற்று நாற்பத்தொன்று. வைகாசி பதினொன்று, நூற்று அறுபது. ஆனி இரண்டு, நூற்று எண்பத்தாறு.

“இதெல்லாம் என்னங்கக்கா?”

“போன சீசன்ல ஒரு நாளைக்கு எத்தனை வண்டின்னு. இந்தக் கம்ப்யூட்டரு அப்ப சுத்திக்கிட்டே நிக்கும். டோக்கன் வராது. எனக்கு முந்தி உனக்கு முந்தின்னு சண்டை. அதான் நானே வண்டி வண்டியா சாக்பீஸ்ல நம்பர் போட்டு வுட்டுருவேன். மொதல்ல டயர்ல போட்டேன். வண்டி நகந்தா நம்பர் அடியில போயிடுது. அப்பறம் பம்பர்ல போட்டேன்” என்று சிரித்தாள் காசியம்மாள்.

நிர்மலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.  அவளுடைய நாற்பது பக்கத்தில் ஒரு நாளைக்குப் பதினான்கு வண்டி. தை மாதம் முழுக்க, முப்பது நாள், எட்டு கம்ப்யூட்டர்களிலும் அளக்கும் மென்பொருளைப் போட்டு, ஒரு நிமிடம் விடாமல் அளந்த கணக்கு அது. அதற்கு இரட்டிப்பாக வேறு வைத்து, தாராளமாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்திருந்தாள்.

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தது அவள் இல்லை. அந்தக் கம்பெனியில் பெயின்டரானாலும் சரி, பாய்லர் மெக்கானிக்கானாலும் சரி, வெளியாளை வரச்சொல்வது தையில்தான். அப்போதுதான் மெஷின்கள் சும்மா நிற்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. “தையில வாங்கம்மா, நிம்மதியா அளக்கலாம்” என்று சலாவுதீன் சொன்னார்; அவளும் நிம்மதியாக அளந்தாள். ஓசூரில் யாருக்கும் தெரியாமல் போனது சரி. இவளுக்குத் தெரியாமல் போகலாமா? மூன்று ஏக்கர் மாந்தோப்பு உள்ள வீட்டில் பிறந்தவள். போன ஆனியில் அண்ணன் பூவரசன் ஒரு டிராக்டர் பெங்களூரா மாங்காயை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு வந்தான். கேட்டதற்கு, “கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தவன், மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான். அன்றைக்கு அவள் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியின் சர்வரை எழுப்பிக்கொண்டிருந்தாள். அது எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து நிழலில் நின்று பிரபாகரைக் கூப்பிட்டாள். சீசனில் இரண்டு சர்வரும் சேர்ந்தே மூச்சுத் திணறும், ஒன்று விழுந்தால் மற்றொன்று எட்டையும் தாங்காது, எல்லாமே நின்றுவிடும் என்று சொன்னாள். பிரபாகர் பொறுமையாகக் கேட்டார்.

“நிர்மலா, அவங்க குடுத்த தேதியில அளந்தோம். தப்பு நம்மளது இல்ல. இன்னிக்கு சைன் ஆகட்டும். சீசன்ல திணறினா அவங்களே கூப்பிடுவாங்க, மூணாவதா ஒண்ணு போட்டுக்கலாம்.”

“அது வர்றதுக்குள்ள காய் அழுகிடும் சார்.”

“மொதல்ல சைன் வாங்குங்க.” போனை வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்குச் சலாவுதீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் அவள்தான். கை போகவில்லை.

“பாய், ஒரு நிமிஷம். இது சரியில்லைங்க.”

“எது சரியில்ல?”

“நான் போட்டதுதாங்க.”

சொல்ல ஆரம்பித்தபிறகு நிறுத்தத் தெரியவில்லை. எடை மேடைச் சுவர், நூற்று எண்பத்தாறு, தன்னுடைய பதினான்கு, எல்லாவற்றையும் சொன்னாள். “ஒரு வூடு இடிஞ்சா அடுத்த வூட்டுல எடம் இருக்குன்னு சொன்னேனுங்களே. இல்லைங்க. சீசன்ல எடம் இருக்காதுங்க.”  சலாவுதீன் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க எந்த ஊரும்மா?”

“பாப்பாரப்பட்டிங்க.”

“மாந்தோப்பு இருக்கா?”

“மூணு ஏக்கருங்க.”

“அப்பறமும் தையில அளந்தீங்களா?”

அவள் தலை குனிந்துகொண்டாள்.  அவரே, “நானும்தானே வரச்சொன்னேன். நாப்பது வருசமா காய் வாங்கறேன், எனக்கும் தோணலையே” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். “சித்திரைக்குள்ள மெஷின் வந்தாகணும். எத்தனை நாள் வேணும்?”

“நாலு நாளுங்க.”

“உங்க கம்பெனி ஒத்துக்குமா?”

“தெரியலைங்க பாய்.”

 அவர் தாள்கட்டை அவள் பக்கமாக மெதுவாகத் தள்ளிவைத்தார். கோபமா, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்பதா, போய் வேலையைப் பார் என்பதா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலையைப் பார் என்பதாகவே எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பையில் போன் அதிர்ந்தது. பிரபாகர்தான். எடை அறைக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று முறை அதிர்ந்து அடங்கிவிட்டது. நிர்மலா லேப்டாப்பைக் கடலைத்தோலுக்குப் பக்கத்தில் திறந்துவைத்தாள்.

“அக்கா, நீங்க சுவத்தைப் பாத்துப் படிங்க, நான் எழுதிக்கறேன்.”

காசியம்மாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் சுவரை இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் விரல் வைத்துப் படித்தாள். வைகாசி முடிந்து ஆனி வந்தது. ஏழு, நூற்று எழுபத்தெட்டு. அடுத்து, பத்து, தொண்ணூற்றிரண்டு.

“எட்டும் ஒம்போதும் வுட்டுட்டீங்களேக்கா.”

“வுடலை கண்ணு. அன்னிக்கு எழுதலை. ரெண்டு நாளு சிஸ்டமே எந்திரிக்கலை. ஏற்கெனவே மூணு நாளா காத்துக் கெடந்தவங்க. காய் கனிஞ்சி தண்ணியா ஒழுவுது. பாதிப் பேரு ரோட்டோரமா கொட்டிட்டுப் போயிட்டாங்க. எத்தனைன்னு யாரு எண்ணுனது. அந்த எடத்தை வெறுமனே வுட்டுடு.”

நிர்மலா திரையில் அந்த வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் எடை மேடை காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டி ரோட்டோரமாக, நட்டவர் யாருமில்லாமல், நாலைந்து மாங்கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு முளைத்து நின்றன. அவள் ஆனி எட்டுக்கு நேராக, அண்ணனின் டிராக்டருக்காக, ‘1’ என்று அடித்தாள். அதன் பக்கத்தில் கர்சர் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.