வாத்துலேர்ந்து வரல

இப்திஹால் கையில் இருந்த பஞ்சுக் குச்சியைப் பார்த்ததும், மய்யித்தைச் சுற்றும் கஃபன் துணியை அப்படியே போட்டுவிட்டு மூத்த அண்ணன் அப்துல் ஆல் எழுந்து வந்து அறை வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"அவன் வாத்து இல்ல, இப்திஹால்."

பின்கட்டில் குளிப்பாட்டுவதற்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்துவிட்டது. மாலை அஸர் தொழுகைக்குள் சின்ன அண்ணன் மித்வல்லியை அடக்கிவிட வேண்டும். அவரை அரசு ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் கொண்டுவந்திருந்தார்கள். நிமோனியா என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எதனால் வந்த நிமோனியா என்று யாரும் பார்க்கவில்லை.

நாற்பத்தெட்டு வயது ஆள். மன்ஸலா ஏரியில் குளிர்காலம் முழுக்க வலை கட்டி, வடக்கிலிருந்து வந்து இறங்கும் காட்டு வாத்துகளைப் பிடித்துச் சந்தையில் விற்பவர். கெய்ரோ ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தங்கைக்காக ஆறு வருடமாக ஒவ்வொரு வாத்தின் தொண்டையிலும் பின்பக்கத்திலும் குச்சி விட்டு எடுத்து, குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பறவைகள் சுமந்து வரும் வைரஸ்களின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, எது மனிதனிடம் தாவக்கூடியது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. வாத்துப் பின்பக்கத்தைப் பார்க்கவா உன்னை டாக்டருக்குப் படிக்க வைத்தோம் என்று ஒவ்வொரு வருடமும் கேட்டுவிட்டுச் சிரிப்பார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் ஒவ்வொரு வருடமும் சொல்வாள். ஈரத்தில் வழுக்குகிறது என்று அவர் கழற்றிவிடுவார்.

இரண்டு வாரம் முன்பு அவர் மகள் நிச்சயத்துக்கு அவள் வந்தபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த காய்ச்சலை அவளிடம் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சொன்னால் அவள் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்து சந்தையை மூடிவிடுவாளாம்.

"நாலு பேரு அவரத் தொடப்போறீங்க," என்றாள் இப்திஹால். "என்னன்னு தெரிய வேணாமா அண்ணே?"

"தெரிஞ்சா எந்திரிச்சு வந்துருவானா?"

மூலையில் உட்கார்ந்திருந்த சப்ரிய்யா அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஐந்து நாளாகக் கணவனின் தலைமாட்டில் இருந்தவள். பேசுவதற்கு முன் இருமினாள்.

"எடுக்கட்டும் விடுங்க. அவரு உசுரோட இருந்தா தானா மூக்கக் காட்டியிருப்பாரு. இவ கேட்டு எதை இல்லன்னுருக்காரு?"

அப்துல் ஆல் விலகி நின்றார்.

ஆயிரக்கணக்கான பறவைகளுக்குச் செய்த வேலைதான். தலையைச் சற்று பின்னால் சாய்க்க வேண்டும். அவர் மீசை யாரோ நனைத்துச் சீவிவிட்டதுபோல் படிந்திருந்தது. குச்சியை உள்ளே விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்தாள். ஆறு எண்ணியபோது கணக்குத் தவறி மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

பிறகு சப்ரிய்யாவிடமும் ஒன்று எடுத்தாள். குளிப்பாட்டுகிறவர்களுக்கு முகக்கவசமும் அங்கியும் கொடுத்து, போட்டுக்கொண்டால்தான் உள்ளே விடுவேன் என்று நின்றாள். வெள்ளை அங்கியில் அவர்கள் உள்ளே போனதைத் தெருவே பார்த்தது. ஜனாஸா ஊர்வலம் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவள் அங்கே இல்லை. குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கெய்ரோ போகும் வண்டியில் இருந்தாள்.

முதல் சோதனையில் ஃப்ளூ இருக்கிறது என்று வந்தது. எந்த ஃப்ளூ என்பது தெளிவாக வரவில்லை. முழுவதுமாகப் படித்தால்தான் தெரியும், அதற்கு இரண்டு நாள் ஆகும் என்றார் வக்தி, ஆய்வகத்தின் மூத்தவர். இப்திஹால் ஊருக்குப் போன் செய்து, யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்றாள். விடுவதற்கு யாரும் வரவில்லை என்றார் அப்துல் ஆல். துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக அஸா பந்தலில் போட்ட நாற்காலிகள் சும்மா கிடந்தன. சந்தையில் வாத்தை ஒருவரும் சீண்டவில்லை. அடுத்த நாள் காலை அவரே கூப்பிட்டு, சப்ரிய்யாவுக்கும் காய்ச்சல் அடிக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மித்வல்லி மூன்று வாரம் முன்பு அனுப்பிய நாற்பது குழாய்கள் குளிர்பெட்டியிலேயே இருந்தன. ரசாயனம் வரத் தாமதமானதில் படிக்காமல் கிடந்தவை. அதில் ஏதாவது ஒன்றில் அண்ணனைக் கொன்ற வைரஸ் இருந்து, தான் அப்போதே படித்திருந்தால், கையுறை போடுங்கள் என்று இன்னும் ஒரு தடவை, கொஞ்சம் கத்தியே சொல்லியிருக்கலாம். இரண்டு நாளும் அவள் மனம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை வக்தி பிரித்து வைத்தால் சாப்பிட்டாள்.

அந்த நாற்பதையும் அண்ணனுடையதையும் அண்ணியுடையதையும் சேர்த்தே இயந்திரத்தில் ஏற்றினார்கள். மிச்சம் இருந்த இடங்களில், இந்தப் பருவத்தில் காய்ச்சல் கண்ட ஆய்வக ஊழியர்களின் மாதிரிகளை வக்தி போட்டு நிரப்பினார். பறவை வேலை செய்கிறவர்கள் காய்ச்சல் வந்தால் குச்சி கொடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி.

மூன்றாம் நாள் காலை முடிவு திரையில் வந்தது. ஒன்றுக்கொன்று உறவான வைரஸ்கள் ஒரே கிளையில் நிற்கும் வரைபடம். வாத்துகளில் மூன்றில் வைரஸ் இருந்தது, மூன்றும் மனிதரை ஒன்றும் செய்யாத வகை, தனியாக ஒரு மூலையில். மித்வல்லி அந்தப் பக்கமே இல்லை. மனிதர்களிடையே சுற்றும் சாதாரணக் குளிர்கால ஃப்ளூ. புகை பிடித்துக் கெட்டுப்போன நுரையீரல் தாங்கவில்லை, அவ்வளவுதான். சப்ரிய்யாவும் அதே கிளையில். பிழைத்துக்கொள்வாள்.

இப்திஹால் மூச்சு விட்டாள். பிறகு அதே கிளையில் மூன்றாவதாக நின்ற ஊழியர் எண்ணைப் பார்த்தாள். அது அவளுடையது.

நிச்சயத்துக்கு ஐந்து நாள் முன்பு வந்த காய்ச்சல். ஒரு வாரம் வீட்டில் இரு என்றிருந்தார்கள். போகாமல் இருந்தால் அண்ணன் வருத்தப்படுவார் என்று மாத்திரை போட்டுக்கொண்டு போனாள். இருமல் வந்தபோதெல்லாம் தூசி என்றாள்.

வக்தி மூன்றின் எழுத்துகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"எழுத்து மாறாம ஒண்ணாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இந்தப் பருவத்துல இதே எழுத்து கெய்ரோவுல எத்தன பேருகிட்ட இருக்கும். நிச்சயத்துக்கு எத்தன பேரு வந்திருப்பாங்க. இத வச்சு யாருகிட்டேர்ந்து யாருக்குன்னு சொல்ல முடியாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம்தான். தலையாட்டினாள்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் அப்துல் ஆல் மட்டும் உட்கார்ந்திருந்தார். உள்ளே சப்ரிய்யா காய்ச்சல் விட்ட முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"வாத்துலேர்ந்தா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. வாத்துலேர்ந்து வரல. சாதாரணக் காய்ச்சல். எல்லாருக்கும் வர்றது."

சொல்லிவிட்டு மீதியைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சப்ரிய்யா அவள் கையைப் பிடித்து இழுத்து முத்தமிட்டு, அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். உனக்காக வாத்தைத் தொட்டுத்தான் போய்விட்டாரோ என்று மூன்று நாளாக உன்மேல் கோபமாக இருந்தேன், மன்னித்துவிடு என்றாள். அப்துல் ஆல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல வேளை குச்சியை எடுத்தாய் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சந்தைப் பக்கம் போனார்.

அவர் போய்ச் சொன்னது வேகமாகப் பரவியிருக்க வேண்டும். சிறிது நேரத்தில் பந்தலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. குர்ஆன் ஓதத் தொடங்கினார்கள். பெண்கள் கும்பலாக உள்ளே வந்து சப்ரிய்யாவைக் கட்டிக்கொண்டார்கள். வராமல் இருந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி, வந்தவர்களுக்குக் காப்பி போட எழுந்தவள், இடுப்பிலிருந்த கைக்குழந்தையை இப்திஹாலின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

குழந்தை அவள் முகத்தைப் பார்த்து ஒரு கையை நீட்டியது. இப்திஹால் அதன் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டாள்.